உங்கள் பகுதியில் தமிழ் கிடைக்காது

கழுத்தில் விழுந்த மாலையைக் கழற்றவும் மனமின்றி, சுமக்கவும் முடியாமல், தலைமை இருக்கையைத் தாங்கி அமர்ந்திருக்கும் பூனா சாங்வி தமிழ்ப் பேரவையின் தலைவர், ஐயா சங்கரன் அவர்களே! முப்பது ஆண்டுகள் வங்கியில் பணியாற்றிய பழக்கத்தில், வரவேற்புரையைக்கூட மூன்றே வரியில் முடித்துக் கணக்கைச் சரிசெய்துவிட்ட செயலாளர், அம்மையார் விசாலாக்ஷி அவர்களே! ஒரு சொல் தமிழ் தெரியாதபோதும் ஒவ்வோர் இடத்திலும் சரியாகக் கைதட்டுகிற இந்த மண்டபத்தின் மேலாளர், மராட்டிய நண்பர் மாதவ் அவர்களே! ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் முதல் ஷிப்ட் முடித்து, முகம் மட்டும் கழுவிக்கொண்டு, கம்பெனிச் சட்டையோடு கடைசி வரிசையில் நிற்கிற தம்பிகளே! மடியில் பிள்ளையையும் பையில் காலி டப்பாவையும் வைத்துக்கொண்டு, சமையற்கட்டுப் பக்கம் சற்றே சாய்ந்து அமர்ந்திருக்கிற தாய்மார்களே! கேட்டால் புரியும் ஆனால் பேச வராது, பேச வரும் ஆனால் படிக்க வராது, இரண்டும் வரும் ஆனால் வெட்கம் வருகிறது என்று மூன்று அணிகளாகப் பிரிந்திருக்கிற பிள்ளைச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்கு முன் பேசியவருக்கு வீரம். அவருக்கு முன் பேசியவருக்குக் காதல். எனக்கு வாய்த்த தலைப்பு: “கைப்பேசித் துணைச்செயலிகளைக் கொடுப்பதும் எடுப்பதும் யார் கையில்?” பெருமூச்சு விடாதீர்கள். இந்தத் தலைப்பை யாரும் என் தலையில் கட்டவில்லை. நானே கேட்டு வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

துணைச்செயலி என்றால் என்ன? யாரோ சொன்னீர்களே, என்ன சொன்னீர்கள்? “பிளகின்”. ஆமாம், தம்பி தேஜஸ், அதேதான். தனியாக நிற்காது, இன்னொரு செயலியின் தோளில் ஏறிக்கொண்டால்தான் அதற்கு வேலை. எழுதியதைப் படித்துக் காட்டும் செயலி ஒன்று உங்கள் போனில் இருக்கிறது. அது எந்தக் குரலில் படிக்க வேண்டும், எந்த மொழியில் படிக்க வேண்டும் என்பதற்கு வேறொரு நிறுவனம் செய்த குரல் ஒன்றை வாங்கி ஒட்ட வேண்டும். ஒட்டினால் பேசும். ஒட்டாவிட்டால் ஊமை.

ஊமை என்ற சொல்லை நான் யோசித்துத்தான் சொன்னேன். முதல் வரிசையில் கழுத்தில் நீலத் துணி கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறாரே, ஆபிரகாம் அண்ணன், அவர் அனுமதி பெற்றுத்தான் சொன்னேன். தலையாட்டுகிறார், பாருங்கள்.

அண்ணன் எங்கள் எதிர்வீடு. தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இயந்திரத்தின் இரைச்சலை மீறிக் கத்திக் கத்தியே வளர்ந்த குரல். அவர் மூன்றாம் மாடியில் நின்று “மணி!” என்று மனைவியைக் கூப்பிட்டால், கீழே பால் வண்டிக்காரர் மணி எத்தனை என்று பார்ப்பார். அப்படிப்பட்ட குரலை இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொண்டையில் வந்த நோய் கேட்டது. அறுவை செய்தார்கள். உயிர் நின்றது, குரல் போனது.

அவர் மகள் ரெனிட்டா, தன் முதல் சம்பளத்தில், போனில் ஒரு தமிழ்க் குரலை வாங்கி ஒட்டிக் கொடுத்தாள். அண்ணன் எழுத்தைத் தட்டுவார், போன் பேசும். கம்பீரமான ஆண் குரல். என்ன, சற்றே செய்தி வாசிக்கிற குரல். முதல் நாள் அது, “மணி, ஒரு கோப்பை தேநீர் கிடைக்குமா?” என்றது. அக்கா ஆரோக்கியமணி கரண்டியோடு ஓடி வந்தார்கள்.

“யாரது, வீட்டுக்குள்ள நின்னு நியூஸ் வாசிக்கது?”

ஆனால் தாய்மார்களே, பத்தே நாளில் அக்காவுக்கு அந்தக் குரலின்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. காரணத்தை என்னிடம் சொன்னார்கள். “ஏங்க, முந்தி இவுகளுக்குக் கோபம் வந்தா வீடே ஆடும். இப்பம் எழுத்தக் கூட்டிக் கூட்டித் தட்டி முடிக்கதுக்குள்ள கோபம் ஆறிப் போவுது. பாதியில அழிச்சிட்டு, ‘சரி, விடு’ன்னு தட்டுதாக!”

கைதட்டுங்கள், தட்டலாம். மாதவ் சாஹேப் ஏற்கெனவே தொடங்கிவிட்டார்.

இப்படிப் பேசிக்கொண்டிருந்த குரல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, போன் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு எழுந்தபோது, காணாமற்போனது. அண்ணன் மேசையில் உட்கார்ந்து, “மணி, 2 இட்லி போதும்” என்று தட்டினார். போனிலிருந்து இந்தி பேசும் ஒரு பெண் வந்தாள். தமிழ் எழுத்து ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த அந்த 2-ஐ மட்டும் இந்தியில் படித்தாள்.

“தோ.”

“எது தோ?” என்றார்கள் அக்கா.

அண்ணன் மறுபடி தட்டினார். “தோ” என்றாள் மறுபடி.

“தோ, தோன்னா? யாருங்க இவ?”

திரையைத் திறந்து பார்த்தோம். ஒரே ஒரு வரி. “இந்தக் குரல் உங்கள் பகுதியில் கிடைக்காது.” அவையோரே, இந்திக்குக் குரல் இருக்கிறது, மராத்திக்குக் குரல் இருக்கிறது. கடைக்காரரிடம் கறிவேப்பிலை கேட்க அண்ணனுக்குக் குரல் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் பேரம் பேசக் குரல் இருக்கிறது. கட்டிய மனைவியிடம் பேசக் குரல் இல்லை! பெற்ற மகளிடம் பேசக் குரல் இல்லை! வெளியே பேசலாம், வீட்டுக்குள் பேச முடியாது என்றால் அது என்ன ஊர்? அது என்ன சட்டம்? அந்தச் சட்டத்தை எழுதியவர் யார்?

யார் என்று தேடிப் புறப்பட்டோம். நான்தான் பேசினேன். குரலைச் செய்த நிறுவனத்துக்குப் போன் போட்டேன். “மேடம், நாங்கள் கொடுத்துவிட்டோம். கடைக்காரர்தான் எடுத்துவிட்டார்.” கடை என்றால், போனுக்குள் இருக்கிற செயலிக் கடை. கடைக்குப் போட்டேன். “நாங்கள் வைத்தோம். போன் செய்தவர்தான் மறைத்துவிட்டார்.” போன் செய்தவருக்குப் போட்டேன். “நாங்கள் மறைக்கவில்லை. குரல் செய்தவர் எந்தப் பகுதிக்கு என்று எழுதிக் கொடுத்தாரோ அதையே காட்டுகிறோம்.” கொடுத்தவர் கடையைக் காட்டுகிறார், கடை போனைக் காட்டுகிறது, போன் கொடுத்தவரைக் காட்டுகிறது. மூன்று விரல், மூன்று திசை, நடுவில் ஒரு மனிதன்!

கடைசியாக ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்: “மேடம், கணக்கு ஆபிரகாம் சார் பெயரில் இருக்கிறது. பாதுகாப்புக்காக அவர் குரலில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.”

“அம்மா, அவருக்குக் குரல் இல்லை.”

“ஒரே ஒரு வார்த்தை போதும், மேடம்.”

“அவர் குரலைத்தானே அம்மா நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள்!”

“புரிகிறது, மேடம். குரலைத் திரும்பப் பெற, முதலில் அவர் குரலில்...”

நான் வைத்துவிட்டேன். அண்ணன் அந்த இந்திப் பெண்ணிடம் ஏதோ தட்டினார். அவள் அழகாகச் சொன்னாள்: “ஜானே தோ.” விட்டுவிடு என்று.

விட முடியுமா? விட முடியாது. ஏனென்றால் மூன்றே வாரத்தில் ரெனிட்டாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை பெனிஸ்டன், மஸ்கட்டில் பொறியாளர், குடும்பம் நாசரேத். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். தட்டு மாற்றுவதற்கு முன், பெண்ணின் தகப்பன் எழுந்து, மாப்பிள்ளையின் தாய்மாமனை நேருக்கு நேர் பார்த்து, மூன்று முறை “சம்மதம்” சொல்ல வேண்டும். சித்தப்பா சொல்லக் கூடாது. தேவாலயத்து ஐயர் சொல்லக் கூடாது. எழுதிக் காட்டக் கூடாது. தாய்மாமன் ஸ்டீபன், எழுபது வயது, போனிலேயே முடிவாகச் சொல்லிவிட்டார். “பொண்ணப் பெத்தவரு எம்மொகத்தப் பாத்து மூணு மட்டம் சொல்லணும். அது இல்லாம எங்க வீட்ல தட்டு மாறாது.”

கசார்வாடியில் போன் பழுது பார்க்கிற சலீம் பாயிடம் போனோம். தோளை உயர்த்தாமல், கதை விடாமல், அவர் ஒருவர்தான் உண்மையைச் சொன்னார். “மேடம், யே சொசைட்டி கா கேட் ஹை, அடுக்குமாடி வாசல் கேட் மாதிரி. வீடு உங்க வீடு. விருந்தாளி உங்க விருந்தாளி. லேகின் கேட் வாட்ச்மேன் கையில. நீங்க பால்கனியில நின்னு ‘வாங்க, வாங்க’ன்னு கூப்பிட்டாலும், அவன் ஆப்ல ஓகே ஆனாத்தான் உள்ள விடுவான்.” அப்புறம் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்: “இங்கதானே கிடைக்காது? தமிழ்நாட்டுல கிடைக்கும்தானே? தோ போன் கோ பேஜோ நா!”

போனை அனுப்பு!

அவையோரே, உலகத்தில் வேறு யாருக்காவது இந்த யோசனை வந்திருந்தால் திகைத்திருப்பார்கள். நாம் திகைப்போமா? ஊருக்குப் போகிறவர் யார் என்று தெரிந்தால் போதாதா நமக்கு? முறுக்கு அனுப்பியிருக்கிறோம், மூக்குக்கண்ணாடி அனுப்பியிருக்கிறோம், பல்செட்டு அனுப்பியிருக்கிறோம், பாஸ்போர்ட் அனுப்பியிருக்கிறோம். ஒரு குரலை அனுப்ப மாட்டோமா? அந்த வாரம் சென்னைக்குப் புறப்பட்ட நம் கோதையின் பையில், ஊறுகாய்ப் பாட்டிலுக்கும் உளுந்தம் பொட்டலத்துக்கும் நடுவே, அண்ணனின் போன் ரயில் ஏறியது. சோலாப்பூரில் பார்த்தாள்: கிடைக்காது. வாடியில் பார்த்தாள்: கிடைக்காது. குண்டக்கல்லில் தெலுங்குக் குரல் வேண்டுமா என்று அதுவே கேட்டது. அரக்கோணம் வந்தது. ரயில் நின்றது. போன் ஒரு சிணுங்கு சிணுங்கியது. கோதை எழுத்தைத் தட்டினாள். செய்தி வாசிக்கிற அந்தக் கம்பீரக் குரல், அந்தப் பெட்டியே திரும்பிப் பார்க்க, “மணி, 2 இட்லி போதும்” என்றது.

எதிர் இருக்கைக்காரர் உடனே எழுந்து, ஜன்னல் வழியாக இட்லி வாங்கிக் கொடுத்தாராம்!

சலீம் பாய் ஓர் எச்சரிக்கை சொல்லியிருந்தார். குரல் வந்ததும் விமானக் குறியை அழுத்திவிடு, தொடர்பெல்லாம் நின்றுவிடும். பிறகு மகாராஷ்டிராவுக்குள் அதைத் தொடாதே. தொட்டால், தான் எங்கே இருக்கிறோம் என்று போனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் குரல் போய்விடும். இந்த எச்சரிக்கை கோதைக்குச் சொல்லப்பட்டது; அப்படியே செய்து போனைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தாள். அண்ணனுக்குச் சொல்லப்பட்டது. அக்காவுக்குச் சொல்லப்பட்டது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் படித்தவள், எனக்குத் தெரியாமல் இருக்குமா என்று விட்டுவிட்டார்கள்.

நிச்சயதார்த்தம். இதே சாங்வியில், தேவாலயத்தின் கூடத்தில். ஒரு பக்கம் பூனா, ஒரு பக்கம் நாசரேத். ஜெபம் முடிந்தது. அண்ணன் வெள்ளைச் சட்டையில் எழுந்தார். ஸ்டீபன் மாமா எதிரே எழுந்தார். போன் அண்ணன் கையில். மைக் என் கையில். அண்ணன் தட்டினார்.

“சம்மதம்” என்றது போன். கூடம் அதிர்ந்தது. ஸ்டீபன் மாமா பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, “சொல்லிட்டாரா?” என்றார். “சொல்லிட்டாரு.” “சரி, ஒண்ணு.”

“சம்மதம்” என்றது இரண்டாம் முறை. “சொல்லிட்டாரா?” “சொல்லிட்டாரு, மாமா.” “ரெண்டு.”

மூன்றாவதைத் தட்டும்போது அண்ணனுக்குக் கண் கலங்கியது. முகம் துடைக்கப் போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கினேன். திரையைப் பார்த்தேன். மூலையில் ஒரு விமானம்.

பூமியில் நிற்கிற மனிதருக்கு விமானம் எதற்கு?

நல்ல எண்ணத்தில், அவையோரே, நூற்றுக்கு நூறு நல்ல எண்ணத்தில், அதை அணைத்தேன்.

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். அன்று அக்கா சிரிக்கவில்லை. “ஐயோ, அதத் தொட்டீங்களா?” என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் போன் மண்டபத்தின் காற்றை முகர்ந்தது, இது அரக்கோணம் இல்லை, சாங்வி என்று தெரிந்துகொண்டது. அண்ணன் மூன்றாவதாகத் தட்டி வைத்திருந்தது ‘சம்மதம்’ என்ற சொல்லும், கூடவே கும்பிடுகிற கைப் படம் ஒன்றும். இந்திப் பெண் வந்தாள். தமிழ்ச் சொல்லை விட்டாள். படத்தைப் படித்தாள்.

“ஹாத் ஜோடே ஹுவே.”

கூப்பிய கைகள்! மைக்கில், முழங்கும் குரலில், இருநூறு பேர் முன்னால்.

நாசரேத் பக்கம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பூனா பக்கம் சிலர் பழக்கத்தில் கும்பிட்டுவிட்டார்கள். “சொல்லிட்டாரா?” என்றார் ஸ்டீபன் மாமா. பக்கத்தில் இருந்தவர் விழித்தார். “இல்ல மாமா... அது... கும்பிடச் சொல்லுது.” மாமா முகம் இறுகியது. “ரெண்டுதான ஆச்சு? மூணாவது எங்க?” ரெனிட்டா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. மறக்கப் போவதும் இல்லை. வேறு யாரோ எங்கேயோ உட்கார்ந்து ஒரு மனிதனின் வாயை மூடினார்கள் என்று மூன்று வாரமாகக் கொதித்தவள் நான். நான்காவதாக மூடிய கை என் கை.

அண்ணன் போனை என்னிடமே விட்டுவிட்டார். இரண்டடி முன்னால் வந்தார். ஸ்டீபன் மாமாவை நேருக்கு நேர் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒலி இல்லை. மூச்சு கழுத்துத் துணிக்குள் போய்விட்டது. உதடுகள் மட்டும் மெதுவாக, முழுதாக, அந்தச் சொல்லைச் சொல்லின.



ஸ்டீபன் மாமா இரண்டு கையாலும் அண்ணனின் தோளைப் பிடித்தார். “தட்ட மாத்துங்கவே!” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி (காது மந்தமானவர்கள் தாழ்த்துகிற அளவுக்கு, அதாவது மண்டபம் முழுக்கக் கேட்கும்படி) சொன்னார்: “எனக்குக் காது போயி ஆறு வருசமாச்சு, சம்பந்தி. வாயப் பாத்துத்தான் வண்டி ஓடுது. வீட்ல யாருக்கும் சொல்லல. அந்த மிசினு சொன்ன ரெண்டும் எனக்கு ஒரு எழவும் கேக்கல. மூணாவதுதான் தெளிவாக் கேட்டுச்சு.”

தட்டு மாறியது. மணமகன் பக்கம் ஒரு செவியும் மணமகள் பக்கம் ஒரு குரலும் இல்லாமலே சம்பந்தம் முடிந்தது!

அப்படியானால் குரல் எதற்கு, உதடு போதுமே என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், சொல்கிறேன். வருகிற ஜனவரியில் கல்யாணம். ரெனிட்டா மஸ்கட் போகிறாள். உதடு மஸ்கட் வரைக்கும் போகுமா? என்ன? “வீடியோ காலா”? சொன்னவர் யார், ராம்கியா? தம்பி, உனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாவு பிசைந்துகொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, “சொல்லுங்கப்பா” என்று ஒரு பெண் கேட்பாள், பார். அப்போது அவள் திரையைப் பார்ப்பாளா, தோசைக்கல்லைப் பார்ப்பாளா? அந்த “சொல்லுங்கப்பா”வுக்குப் பதில் வேண்டும். அந்தப் பதில் தமிழில் வேண்டும். அந்தத் தமிழ் சாங்வியில் வேண்டும்!

யார் கையில் இருக்கிறது அது? போன் செய்தவர் கையில் கொஞ்சம். கடை வைத்தவர் கையில் கொஞ்சம். குரல் செய்தவர் கையில் கொஞ்சம். காசு கொடுத்து வாங்கிய ஆபிரகாம் அண்ணன் கையில்? ஒன்றும் இல்லை. வாங்கினோம் என்று நாம் நினைக்கிறோம். வைத்திருக்க விட்டிருக்கிறோம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். கொடுத்ததை எடுக்கும் கைக்கு, கேட்டுவிட்டு எடு என்று சொல்ல ஒரு விதி வேண்டாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது எனக்குக் கசப்பானது. ஓயாமல் எழுதி எழுதி, போன வாரம் அந்தக் குரல் நிறுவனத்திலிருந்து ஒரு பதில் வாங்கினேன். “உங்கள் பகுதியில் கைப்பேசியைத் தமிழில் வைத்திருப்பவர்கள் ஏறக்குறைய இல்லை. ஆகவே அங்கே தமிழ்க் குரலை நிறுத்தினோம்.” கோபத்தோடு எங்கள் கட்டடத்தில் கதவு கதவாகப் போனேன். நாற்பத்தொரு தமிழ்க் குடும்பம். நாற்பத்தொன்றிலும் போன் ஆங்கிலத்தில். அண்ணனின் போனும்தான். என் போன்? கடையில் அந்தப் பையன் “மேடம், லாங்வேஜ்?” என்று கேட்டபோது, தமிழ் என்று சொல்ல என் வாய்க்கு ஏன் வரவில்லை? அவன் என்னைப் பற்றி என்ன நினைப்பானோ என்று நினைத்தேன். அவன் ஒன்றும் நினைத்திருக்க மாட்டான். ஆனால் எங்கோ ஓர் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. வீட்டில் பேசினோம், விழாவில் பேசினோம், எண்ணுகிறவன் பார்க்கிற இடத்தில் மட்டும் நாம் இல்லை. இல்லாதவர்களுக்கு எதற்குக் குரல் என்று அவன் கேட்டால், தவறு முழுக்க அவனுடையதா?

அதனால் இன்று காலை என் போனைத் தமிழுக்கு மாற்றினேன். ‘அமைப்புகள்’ எங்கே இருக்கிறது என்று மத்தியானம் வரை தேடினேன். அலாரத்தை அணைக்கத் தெரியாமல் அது மூன்று முறை அடித்தது. பழகிவிடும். பழகிக்கொள்வேன்.

தலைவர் மணி அடிக்கிறார். என் நேரம் முடிந்தது. ஐயா, பேசுகிறவளை நிறுத்துகிற கை கண்ணெதிரே, எட்டுகிற தூரத்தில், சிரித்த முகத்தோடு இருப்பதே ஒரு பாக்கியம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ஒரு நிமிடம் பொறுங்கள்.

வாசலருகே மேசையில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. மூவருக்கும் ஒரே கடிதம்: விற்ற குரலை, வாங்கியவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள், ஜனவரிக்கு முன் திருப்பிக் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன் கையெழுத்துப் போடுங்கள். சாப்பாட்டுக்குப் பின் என்றால் நம்மைப் பற்றி எனக்குத் தெரியும். போட்டுவிட்டு, போனைத் தமிழுக்கு மாற்றுங்கள். தடுமாறினால் தேஜஸிடம் கேளுங்கள். அவனும் தடுமாறினால் இரண்டு பேருமாகச் சேர்ந்து படியுங்கள்.

முதல் கையெழுத்தை ஆபிரகாம் அண்ணன் போட்டுவிட்டார். அவருக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது. நான் மேடை இறங்கி வருவதற்குள் அந்த இரண்டாம் இடத்தை உங்களில் யாராவது பிடித்துக்கொண்டால், கடைசி இடமே எனக்குப் போதும். இவ்வளவு நேரம் என்னைப் பேசவிட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி, கைகளுக்குக் காத்திருக்கிறேன். வணக்கம்.